அந்த யூசர் தவறிட்டாரு

அண்ணனுக்குக் கருமாதி முடிச்சு நான் வேலைக்குத் திரும்புன அன்னைக்குத்தான் அதோட பேர்ல அலர்ட் வந்துச்சு.

வீடு கழுவியாச்சு, சொந்தக்காரகல்லாம் அவுக அவுக ஊருக்குப் பஸ் ஏறியாச்சு. இனி ஆக வேண்டியதப் பாருத்தான்னு ஆளாளுக்குச் சொல்லிட்டுப் போனாக. ஆக வேண்டியதுன்னா என்னா? எனக்குத் தெரிஞ்சது ஆபீசு ஒண்ணுதான். மார்க்கையன்கோட்டையில பஸ் ஏறி, சின்னமனூர்ல மாறி, போடியில எறங்கி, மாடிப்படி ஏறி, சிஸ்டத்த ஆன் பண்ணி, தெனமும் தொறக்குற பக்கத்தத் தொறந்தேன். மேலாப்புல செவப்பா ஒரு கட்டம். கட்டத்துக்குள்ள அண்ணன் பேரு. இந்த யூசர் ஒரே நேரத்துல எல்லா மிசினுக்குள்ளயும் போயி வர்றாரு, சந்தேகமா இருக்கு, ஆளு யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்கன்னு இங்கிலீசுல போட்டிருந்துச்சு.

எனக்கு மொதல்ல வந்தது அழுகை இல்ல. சந்தோசம். சொல்றதுக்கு அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா அதான் வந்துச்சு. எல்லா மிசினுக்குள்ளயும் போயி வருதாம்ல.

நான் பதினொண்ணாப்புப் பாதியில நின்னவ. படிப்பு ஏறல, பொய் சொல்லக் கூடாது. அப்பா இல்லாத வீடு. அம்மா வெத்தலக் கொடிக்கா வேலைக்கும் தென்னந்தோப்பு வேலைக்கும் போகும். அண்ணன்தான் கம்ப்யூட்டர் டிப்ளமா முடிச்சு, போடியில ஒரு ஏலக்காய்க் கம்பெனியில சிஸ்டம் பாத்துட்டிருந்துச்சு. எங்க ஆபீசுல ஏலக்காய்னு யாரும் முழுசாச் சொல்ல மாட்டாக, காய்ம்பாக, அம்புட்டுத்தான். கீழ காய் மூட்டை அடுக்கிருக்கும், பொம்பளையாளுக வரிசையா உக்காந்து தரம் பிரிப்பாக, மாடியில ஆபீசு. வாசம் மாடி வரைக்கும் ஏறும். வந்த புதுசுல தல வலிச்சுச்சு, இப்ப என் தலமுடியிலயே அந்த வாசந்தான். பில் அடிக்க ஆள் வேணும்னப்ப அண்ணன் என்னயக் கூட்டியாந்துச்சு. "தங்கச்சிக்கு இங்கிலீசு வராது மொதலாளி, ஆனா வெரலு வேகமா ஓடும்"னு சொல்லித்தான் சேத்து விட்டுச்சு. நாயி. எல்லாருக்கும் முன்னால சொல்லுச்சு.

கம்பெனிக்குத் தல ஆபீசு எர்ணாகுளத்துல. வெளிநாட்டுல காய் வாங்குற பார்ட்டிக, உங்க கம்ப்யூட்டரெல்லாம் பத்தரமா இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சிட்டாகளாம். அதனால எல்லாக் கிளையிலயும் இருக்குற மிசினோட லாக்க ஒரே எடத்துக்கு அனுப்பணும்னு ஆர்டர் வந்துச்சு. லாக்குன்னா நான் பூட்டுன்னு நெனச்சேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு.

"பூட்டு இல்ல பாப்பா. ஒவ்வொரு மிசினும் தனக்குள்ள பொறணி பேசிக்கிட்டே இருக்கும். இவன் வந்தான், இவன் பாஸ்வேர்டத் தப்பாப் போட்டான், அவ பென்டிரைவச் சொருகுனா, இந்தாளு மூடாமப் போயிட்டான்னு. அந்தப் பொறணியத்தான் லாக்கும்பாக. அதப் பூராம் அள்ளி, எர்ணாகுளத்துக்காரன் உக்காந்து பாக்குற எடத்துக்கு இன்டர்நெட்டு வழியா ஏத்தணும். எங்கயாச்சும் திருட்டுப்பய உள்ள நொழஞ்சா அவன் கண்டுபிடிப்பான்."

"பொறணி அள்ளுறதுக்கு நீ எதுக்குண்ணே? கீழ காய் பெறக்குற அக்காகள்ல ஒராள அனுப்புனாப் பத்தாதா?"

மண்டையில நங்குன்னு ஒரு கொட்டு. அந்த வலிகூட இப்ப ஞாபகத்துல தேடித்தான் எடுக்கணும்.

புது மிசினுக்கெல்லாம் எர்ணாகுளத்துக்காரக குடுத்த சாப்ட்வேர் ஏறிருச்சு. ஏத்தி விட்டா அதுவே லாக்க அனுப்பிரும். எங்ககிட்ட இருக்குறதுல பாதி பழசு. தராசுக்குப் பக்கத்துல இருக்குற மிசினு, கேமராப் பொட்டி, பில் மிசினு, ஒண்ணுலயும் அது ஏறல. அதுக்கு அண்ணன் தானே ஒரு வழி பண்ணுச்சு. ஆபீசுல இருக்குற பெரிய மிசினுல ஒரு சின்ன புரோகிராம் எழுதி வச்சுச்சு. அது மணிக்கொருக்க கெளம்பி, ஒவ்வொரு பழைய மிசினாப் போயி, கதவத் தட்டி, உள்ள போயி, லாக்க அள்ளிட்டு வந்து மேல அனுப்பும். கதவத் தட்டுறப்ப ஒரு பேரும் பாஸ்வேர்டும் சொல்லணும்ல, அதுக்குத் தன் பேரையே போட்டுச்சு. இதுக்குன்னு தனியா ஒரு ஐடி கேட்டா எர்ணாகுளத்துல இருந்து பர்மிசன் வரணும், அது எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. "இப்பதைக்கு எம் பேர்ல ஓடட்டும், பெறகு மாத்திக்கலாம்"னுச்சு. பாஸ்வேர்டு அது மண்டைக்குள்ள மட்டுந்தான் இருந்துச்சு.

எங்க ஆபீசுல கிளவுடுன்னு யாரும் சொல்ல மாட்டோம். மேலன்னுதான் சொல்லுவோம். லாக் மேல போயிருச்சா, மேல ஏறலையே, மேல இருந்து அலர்ட் வந்திருக்கு, இப்படி. அதுல ஒரு கொழப்பம் என்னன்னா, எங்களுக்கு மலையும் மேலதான். காய் வெளயிற எஸ்டேட்டு, காய் ஒணத்துற ஸ்டோரு எல்லாமே போடிமெட்டு தாண்டி மேல. அண்ணன் எங்கன்னு மொதலாளி கேட்டா, மேல போயிருக்குன்னு நான் சொல்லுவேன். "எந்த மேலத்தா? ஜீப்பு போற மேலையா, நெட்டு போற மேலையா?"ம்பாக. அது ஒரு தமாசு. அன்னைக்கும் அப்படித்தான் கேட்டாக.

அன்னைக்கு அண்ணன் ஜீப்பு போற மேலைக்குத்தான் போயிருந்துச்சு. ஸ்டோர்ல ஒரே ஒரு பழைய மிசினு பாக்கி. அதையும் சேத்துட்டா எங்க கிளை முழுசும் பச்சையாயிரும். மிசினு லாக் அனுப்பிக்கிட்டு இருந்தா அந்தப் பக்கத்துல அது பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி நிக்கும், அனுப்பலேன்னா சாம்பலாப் போயிரும். மத்தியானம் சோத்துக்கு உக்காந்தப்ப போன் வந்துச்சு. "பாப்பா, வந்துருச்சா பாரு." கை கழுவாமப் போயிப் பாத்தேன். வந்துருச்சுண்ணேன்னேன். "அப்ப ஜோலி முடிஞ்சுச்சு, எறங்கிர்றேன்"னுச்சு. எஸ்டேட்டு ஆளுக எறங்குற ஜீப்புல இதுவும் தொத்தி ஏறிருச்சு. வளைவுல ஜீப்பு கவுந்துருச்சு. மத்தவுகளுக்கெல்லாம் கையி காலு. எங்கண்ணனுக்கு மட்டும் தல.

அதுக்கு மேல அதப்பத்தி எழுத என்னால ஆகாது.

அலர்ட்டுக்கு வாரேன். அந்தப் பக்கத்துல அலர்ட்டுக்குக் கீழ பதில் எழுதுறதுக்கு ஒரு கட்டம் இருக்கும். இதுவரைக்கும் அண்ணன்தான் இங்கிலீசுல எழுதும். எனக்கு அது வராது. கணக்கு பாக்குற அக்காவுக்கு நல்லா வரும், கான்வென்டுல படிச்சது, ஞாயித்துக்கெழம சர்ச்சுல இங்கிலீசுலயே பாடும். ஆனா அக்காகிட்டக் கேட்டா, செத்துப் போயிட்டாருன்னு நான் வாயத் தொறந்து சொல்லணும். அது இங்கிலீசுல அதையே திருப்பிச் சொல்லும். ரெண்டு தடவ கேக்கணும். அதுக்கு மாட்டாம, கட்டத்துக்குப் பக்கத்துல மொழி மாத்துற பட்டன் இருக்குல்ல, அத அமுக்கிட்டுத் தமிழ்லயே அடிச்சேன்.

செத்துட்டாருன்னு அடிக்க வெரலு போகல. எங்க பக்கம் மரியாதையாச் சொல்லணும்னா தவறிட்டாகன்னுதான் சொல்லுவோம். "பெரியவரு தவறிட்டாக, எடுக்குறது எப்ப?"ன்னு கேப்பாக. அதனால, "அந்த யூசர் தவறிட்டாரு"ன்னு அடிச்சேன். எங்கண்ணன நான் வந்துச்சு போச்சுன்னுதான் சொல்லுவேன், பொறந்ததுல இருந்து அப்படித்தான். மொதமொறையா தவறிட்டாருன்னு மரியாத போட்டேன். ஏதோ வேத்தாளப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு. அனுப்பிட்டு டாய்லெட்டுக்குள்ள போயிக் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

சாயங்காலம் பதில் வந்துருச்சு. அதையும் தமிழுக்கு மாத்திப் பாத்தேன். புத்தகத்துல வர்ற தமிழு. "பயனர் தவறு செய்ததை ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. இத்தவறு மீண்டும் நிகழாமல் பார்த்துக்கொள்ளுமாறு பயனரிடம் தெரிவிக்கவும். இந்நிகழ்வு பயனர் தவறு என்ற பிரிவில் முடித்து வைக்கப்படுகிறது."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. நாலஞ்சு தடவ படிச்சேன். பெறகுதான் அக்காவக் கூப்புட்டேன். அக்கா கண்ணாடியப் போட்டு, நான் அடிச்சதையும் அது இங்கிலீசுல ஆனதையும் படிச்சுச்சு. படிச்சிட்டு வாயப் பொத்திக்கிருச்சு.

"ஏன்டி, தவறிட்டாருங்குறத அது தப்புப் பண்ணிட்டாருன்னு மாத்திருக்குடி."

"அப்ப அண்ணன் என்ன தப்புப் பண்ணுச்சுன்னு நெனப்பாக?"

"நீதானத்தா ஒத்துக்கிட்டு எழுதிருக்க. அந்தாளு தப்புப் பண்ணிட்டாரு, மன்னிச்சுக்கங்கங்குற மாதிரி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கப் பாத்துச்சு, முடியல, தோள் குலுங்குது. எனக்கும் வந்துருச்சு. ரெண்டு பேரும் டேபிள்ல தலையக் கவுத்துக்கிட்டுச் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சு நிமுந்தா அக்கா அழுதுக்கிட்டு இருக்கு. எனக்கு வரல. எனக்குச் சிரிப்போட நின்னுருச்சு.

திருத்தி எழுதுறேன்னு அக்கா சொல்லுச்சு. நான் வேணாம்னுட்டேன். ஏன்னா அந்தப் பதிலுக்கு அர்த்தம் என்னன்னு அதுக்குள்ள எனக்குப் புரிஞ்சிருச்சு. எர்ணாகுளத்துக்காரகளப் பொறுத்தவரைக்கும் எங்கண்ணன் இருக்கு. தப்புப் பண்ணுன ஒரு ஆளா இருக்கு. தப்புப் பண்ணணும்னா ஆளு இருக்கணும்ல. அண்ணன் பேரு மணிக்கொருக்க கெளம்பிப் போயி, தராசு மிசினக் கதவத் தட்டி, கேமராப் பொட்டியத் தட்டி, மலையில இருக்குற ஸ்டோர் மிசினத் தட்டி, அள்ளிட்டு வந்து மேல ஏத்திக்கிட்டு இருந்துச்சு. உலகத்துல அண்ணன் பண்ணுற வேலைன்னு பாக்கி இருந்தது அது ஒண்ணுதான். அத நிப்பாட்டச் சொல்லுவாகன்னு எனக்குத் தெரியும். அதத் தள்ளிப்போட எம்புட்டு நாளு முடியுமோ அம்புட்டு நாளு தள்ளிப்போடணும்னு நெனச்சேன். அம்புட்டுத்தான் நான் ஆசப்பட்டது.

வீட்டுக்குப் போயி அம்மாகிட்டக் காமிச்சேன். போன்லயும் அந்தப் பக்கம் வரும். அண்ணன் பேரப் போட்டுத் தேடுனா வரிசையா விழும், ஒவ்வொரு வரியிலயும் அது பேரு, பக்கத்துல நேரம். "இங்க பாரும்மா, இப்ப சித்த முந்திகூட வந்திருக்கு. மேல ஸ்டோருக்குப் போயிட்டு வந்திருக்கு பாரு." அம்மாவுக்குப் படிக்க வராது, ஆனா பெத்த மகன் பேரு எழுத்து தெரியும். அதுவும் தமிழ்ல எழுதிருந்தாத்தான். போனக் கையில வாங்கல. அடுப்புல இருந்து பார்வைய எடுக்காமக் கேட்டுச்சு.

"அது திங்குமா?"

"என்னம்மா?"

"அது வந்து என்கிட்ட சோறு கேக்குமான்னு கேட்டேன். மிசினக் கொண்டாந்து எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுற. போயி வெளக்கப் போடு."

பெறகு அம்மாகிட்டக் காமிக்கல. நான் மட்டும் பாத்துக்கிட்டேன். பஸ்ல போகையில பாப்பேன், சின்னமனூர்ல எறங்கி மாறுறப்ப பாப்பேன். பைத்தியம்னு நெனச்சாலும் சரி. பஸ்ஸு வாழைத்தோட்டத்துக்குள்ள போறப்ப சிக்னல் போயிரும், அப்ப போனச் சன்னலுக்கு வெளிய நீட்டிப் புடிப்பேன்.

எர்ணாகுளத்துக்காரக விடல. தப்புப் பண்ணுன யூசருக்கு டிரெய்னிங்கு உண்டாம். அண்ணன் மெயிலுக்கு அத அனுப்பிருக்காக. பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சி, வீடியோ பாத்து முடிச்சுக் கேள்விக்குப் பதில் சொல்லணுமாம். முடிக்கலேன்னு ஞாபகப்படுத்தி மறுபடி ஒண்ணு. முடிக்கலேன்னா கணக்கப் பூட்டுவோம்னு கடைசியா ஒண்ணு, அதுக்கு எனக்கும் மொதலாளிக்கும் காப்பி. அந்த வீடியோவ நானே அண்ணன் பேர்ல பாத்து முடிச்சிரலாமான்னுகூட நெனச்சேன். பாஸ்வேர்டு இல்லையே.

அதுக்கு அடுத்து போனே வந்துருச்சு. எர்ணாகுளத்துல அலர்ட்டு பாக்குற ஒரு சேட்டன். கொஞ்சம் தமிழ் வரும், மிச்சத்த மலையாளத்துல ஒட்டிக்குவாரு. எனக்கும் காய் வியாபாரத்துல கேட்டுக் கேட்டு மலையாளம் பாதி புரியும்.

"அந்த யூசர் டிரெய்னிங்கு செய்யலயே. போன் எடுக்கல. மெயிலுக்கு மறுபடி இல்ல. அந்தாளுக்கு எந்தா இத்தன கௌரவம்? ஒரு தெற்று, ஒரு தப்பு செஞ்சா திருத்தணும் கேட்டோ."

நான் போன மறு காதுக்கு மாத்துனேன்.

"ஹலோ? அந்தாளு லீவா? அந்தாள விளிக்கு, போன்ல குடு."

கீழ பொம்பளையாளுக காய் அள்ளிக் கொட்டுற சத்தம் கேக்குது. என்ன சொல்ல? தவறிட்டாருன்னா மறுபடி தப்பாப் போகும். தமிழ்ல எனக்கு வாய் வரல. மலையாளத்துல சொன்னேன். அது என் பாசையில்லேல்ல, அதனால வந்துச்சு.

"மரிச்சு போயி, சேட்டா."

"ஈஸ்வரா"ன்னாரு. "எப்ப?" சொன்னேன். "உங்களுக்கு யாரு?" கூடப் பொறந்ததுன்னேன். ஸாரி மோளே, ஸாரி மோளேன்னு நெறைய தடவ சொன்னாரு. நல்ல மனுசன்தான். கெட்டவனா இருந்திருந்தா நாலு வார்த்த திட்டிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

அந்தப் பதிலத் திருத்த முடியுமான்னு கேட்டேன். பயனர் தவறுன்னு போட்டிருக்குல்ல, எங்கண்ணன் ஒரு தப்பும் பண்ணலேன்னு. முடிச்சு வச்சதத் தொறக்க அவருக்கே பர்மிசன் இல்லையாம். அது அப்படியேதான் நிக்கும்னாரு. அப்பறம் குரலத் தாழ்த்திச் சொன்னாரு.

"மோளே, அந்த ஐடிய இனி வைக்கப் பாடில்ல. மரிச்ச ஆளோட ஐடி தான் ரொம்ப ஆபத்து. வேற ஆள் அத எடுத்து உள்ள வந்தா ஆரும் கேக்க மாட்டாங்க. டிஸேபிள் பண்ணணும். இன்னு தன்னே, இன்னைக்கே."

"பண்ணுனா எல்லாம் நின்னு போயிரும் சேட்டா. பழைய மிசினு பூராம் அது பேர்லதான் ஓடுது. பாஸ்வேர்டும் யாருக்கும் தெரியாது. தராசு, கேமரா, ஸ்டோரு எல்லாம் சாம்பலாப் போயிரும்."

இது நான் பொய்யாச் சொல்லல. மனசார நம்பித்தான் சொன்னேன். சொல்றப்பவே எனக்குள்ள இன்னொண்ணு எந்திரிச்சுச்சு. நிக்கட்டுமே. நின்னா என்னா? எங்கண்ணன் போனதுக்கு இந்த ஊருல ஒண்ணும் நிக்கல. எடுத்த அன்னைக்குச் சாயங்காலமே அதே வளைவுல ஜீப்பு ஏறி எறங்குது. காய் ஏலம் வழக்கம்போல நடந்துச்சு. இதாவது நிக்கட்டும். வரிசையா ஒவ்வொரு புள்ளியா அணஞ்சு, எர்ணாகுளத்துல உக்காந்திருக்கவன்லாம் பதறி, ஐயோ அந்தாளு இல்லாம ஒண்ணும் ஓடலயேன்னு ஒருக்க, ஒரே ஒருக்க, சொல்லட்டும்.

"பேடிக்கண்டாம், பயப்படாத, நான் ஸ்கிரீன்ல கூட வாரேன்"னாரு சேட்டன். இன்னைக்கே வேணாம்னு நான் கேட்டுக்கிட்டதுல, வெள்ளிக்கெழம காலையில பண்ணலாம்னு முடிவாச்சு.

மொதலாளிகிட்டச் சொன்னேன். கண்ணாடியத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டுக் கேட்டாக. அவுகளும் கல்லு மனசு இல்ல. மலையில இருந்து அண்ணன எறக்குனதுல இருந்து எடுக்குற வரைக்கும் கூடவே நின்னாக, தோள் குடுத்தாக. ஆனா அவுக கேட்டது இதான்.

"இதப் பண்ணுனா ஏலத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்லத்தா? ஏலம் நிக்காதுல்ல?"

"ஏலம் வேற மொதலாளி. இது லாக்கு."

"அப்பப் பண்ணிரு. வச்சு என்ன செய்யப் போற? எடுத்துரு ஆத்தா."

எடுத்துரு. அதே வார்த்ததான் எங்க வீட்டு வாசல்லயும் சொன்னாக, நேரமாச்சு, எடுத்துருவோம்னு.

வெள்ளிக்கெழம அக்கா சிஸ்டத்துக்கெல்லாம் பூ வச்சு ஊதுபத்தி காட்டுறவகளுக்கு வழிவிட்டு ஓரமா நின்னுச்சு. அது சர்ச்சுக்காரி, ஆனா வாராவாரம் தட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கும். முடிஞ்சதும் எம் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிருச்சு. சேட்டன் எர்ணாகுளத்துல இருந்து எங்க பெரிய மிசினோட ஸ்கிரீனுக்குள்ள வந்தாரு. மவுசு அம்பு தன்னால நகருது. எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு. அண்ணன் உக்காந்த நாற்காலியில நான், அண்ணன் புடிச்ச மவுசு எங்கையில, நகட்டுறது வேற யாரோ.

மொதல்ல ஒரு புது ஐடி போட்டாரு. மனுசப் பேரு இல்ல, கிளை பேரும் ஒரு நம்பரும். அண்ணனால பர்மிசன் வாங்க முடியாம விட்ட அதே ஐடி. அவரு நாலு தட்டு தட்டுனாரு, வந்துருச்சு. பெறகு அண்ணன் எழுதுன புரோகிராமத் தொறந்தாரு. எனக்கு அதுல ஒண்ணும் புரியாது. சேட்டன் மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்தாரு. ஏதோ சிக்கு இருக்கும், தேடட்டும், கண்டுபிடிக்க முடியாமத் தெணறட்டும்னு காத்திருந்தேன்.

"அடிபொளி"ன்னாரு.

"என்னாச்சு சேட்டா?"

"உங்க சேட்டன் நல்ல வேல செஞ்சு வச்சிருக்கு. வேற கிளையில எல்லாம் பேரு அம்பது எடத்துல எழுதி வைக்கும், ஒண்ண மாத்துனா இன்னொண்ணு ஒடஞ்சுபோகும். இந்தாளு பேரு ஒரே ஒரு எடத்துல. பெறகு மாத்தணும்னு அறிஞ்சு செஞ்சிருக்கு. இந்த ஒரு லைன் மாத்துனா மதி, போதும்."

மாத்திட்டாரு. நான் தண்ணி குடிச்சு முடிக்குறதுக்குள்ள மாத்திட்டாரு.

"இனி பழைய ஐடிய டிஸேபிள் பண்ணு மோளே. அது கிளை ஆளு செய்யணும், ரூலு."

அண்ணன் பேரு மேல அம்ப வச்சேன். வலதுபக்கம் அமுக்குனா ஒரு பட்டியல் விழும், அதுல இருக்கும். விழுந்துச்சு. அமுக்குனேன். உறுதியான்னு கேட்டுச்சு. ஆமா, இல்ல, ரெண்டு கட்டம். எங்கையி நகரல. அக்கா எங்கையப் புடிக்க வந்துச்சு, தட்டி விட்டுட்டேன். வேற யாரும் பண்ணக் கூடாது. ஆமாவ அமுக்குனேன். பேரு சாம்பலாயிருச்சு, பக்கத்துல சின்னதா கீழ்நோக்கி ஒரு அம்பு.

"ஒண்ணு ஓட்டிப் பாக்கலாம், மணி ஆகுற வர காக்க வேண்டாம்"னு சேட்டன் புரோகிராமக் கையால ஓட்டி விட்டாரு. நான் பச்சைப் புள்ளிகளப் பாத்துக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். நல்லபடியா ஓடணும்னு இல்ல. நின்னுரணும்னு. மாரியாத்தா, நின்னுரணும், ஒண்ணாச்சும் நின்னுரணும்.

தராசு மிசினு வந்துச்சு. பில் மிசினு வந்துச்சு. கேமராப் பொட்டி வந்துச்சு. ஸ்டோர் மட்டும் வரல. மலையில நெட்டு மெதுவா வரும். ஸ்டோரும் வந்துருச்சு. எல்லாம் பச்சை. ஒரு வரிகூட விட்டுப் போகல, ஒரு நிமிசங்கூட இடைவெளி விழல. அண்ணன் பேரு இருந்த எடத்துல எல்லாம் அந்த நம்பரு. மத்தபடி எல்லாம் அதே மாதிரி.

"சூப்பர்"னாரு சேட்டன். "ஆர்க்கும் தெரியாது மாத்துனதே. உங்க சேட்டனுக்கு நன்றி சொல்லணும் சத்யத்துல." சொல்லிட்டு, எதையோ சொல்லிட்டோம்னு நெனச்சாரு போல, பேச்ச நிறுத்திக்கிட்டாரு. சரி மோளே, ஊணு கழிக்கு, போயிச் சாப்பிடுன்னு போன வச்சிட்டாரு.

அரகொறையாச் செஞ்சு வச்சிருந்தா ஒரு வாரமாவது தேடிருப்பாக. யாராச்சும் வந்து, அவன் இருந்தா இப்படி ஆயிருக்குமான்னு கேட்டிருப்பாக. எங்கண்ணன் அப்படிச் செய்யத் தெரியாத ஆளு. தான் இல்லேன்னாலும் ஓடுற மாதிரி செஞ்சு வச்சிட்டுப் போயிருச்சு. ஆனா அது நெனச்சது வேற. பெறகு மாத்திக்கலாம், தானே மாத்தலாம்னு நெனச்சு வச்சது.

மொதலாளி மாடிப்படியில நின்னு, "முடிஞ்சுச்சாத்தா? எதுவும் நின்னுச்சா?"ன்னு கேட்டாக.

"இல்ல மொதலாளி. எதுவும் நிக்கல."

"நல்லது"ன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கிட்டாக. அக்கா டீ சொல்லுச்சு. குடிச்சேன். மத்தியானம் வந்த சீட்டுக்கெல்லாம் பில் அடிச்சேன். வெரலு வேகமாத்தான் ஓடுச்சு.

சாயங்காலம் கெளம்புறதுக்கு முன்னால அண்ணன் பேரப் போட்டுத் தேடுனேன். கடைசி ஒரு மணி நேரம்னு வச்சிருந்துச்சு. ஒண்ணும் இல்லேன்னு வந்துச்சு. இன்னைக்குன்னு மாத்துனேன், காலையில ஓடுனது வரைக்கும் இருந்துச்சு. மறுநாள் இன்னைக்குன்னு போட்டா இல்ல, நேத்துன்னு போட்டாத்தான் இருந்துச்சு. அதுக்கு மறுநாள் நேத்தும் பத்தல.

இப்ப தெனமும் ஒரு நாள் கூடப் பின்னால போயித்தான் அண்ணனப் பாக்க வேண்டியிருக்கு. சேட்டன்கிட்டக் கேட்டேன், இந்தப் பழசெல்லாம் எம்புட்டு நாளைக்கு இருக்கும்னு. கொஞ்ச மாசம் மோளே, அதுக்கு மேல கம்பெனி வைக்காது, தன்னால அழிஞ்சிரும்னாரு. எந்தப் பக்கத்துல இருந்து அழியும்னு கேட்டேன். பழசுல இருந்துன்னாரு. அப்ப மொத மொதல்ல தராசு மிசினத் தட்டுன நாளு மொதல்ல போயிரும். ஸ்டோர் மிசினச் சேத்த நாளு கடைசிப் பக்கமா இருக்கு, அது அழிய இன்னும் கொஞ்ச நாளு கெடக்கு. நான் தெனமும் ஆபீசு வந்ததும் தேதிய மாத்தி மாத்திப் பாத்துட்டு, பெறகு பில் அடிக்க உக்காந்துருவேன்.